அப்பாவுக்கு வசனம் கேட்கணும்: லினக்ஸில் 5.1, மூன்று வருட அனுபவம்

சத்துவாச்சாரி வீட்டு ஹாலில் இருக்கும் டெஸ்க்டாப்பில் லினக்ஸ் வகையான உபுண்டுதான். அதில் 5.1 ஸ்பீக்கர் செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) மாட்டியது அப்பாவுக்காக. மே மாதத்து வேலூர் வெயிலில் ஃபேன் ஐந்தில் சுற்றாமல் உட்கார முடியாது. அந்த இரைச்சலில் ஸ்டீரியோவில் படம் போட்டால் பின்னணி இசைதான் எழும்பும். "இன்னாடா சொன்னான் அவன்?" என்று சீனுக்குச் சீன் கேட்பார்.

என் மதர்போர்டில் பின்பக்கம் மூன்றே ஓட்டைகள்: பச்சை, நீலம், பிங்க். ஒலி அமைப்பை மாற்றும் பாவுகண்ட்ரோல் (pavucontrol) செயலியில் 'அனலாக் சரவுண்ட் 5.1' தேர்ந்தெடுத்தும் முன்னிரண்டு ஸ்பீக்கர் மட்டுமே பேசின. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் புரிந்தது: நீலமும் பிங்க்கும் இன்னும் லைன்-இன், மைக்காகவே இருந்தன. டெர்மினலில் ஆல்சாமிக்சர் (alsamixer) என்ற ஒலிக் கட்டுப்பாட்டைத் திறந்து 'சேனல் மோட்'டை 2-லிருந்து 6-க்கு மாற்றியதும் நீலம் பின் ஸ்பீக்கருக்கும், பிங்க் சென்டர், சப்வூஃபருக்கும் போனது. ரீஸ்டார்ட்டில் பழையபடி ஆகாமல் இருக்க 'ஆல்சாசிடிஎல் ஸ்டோர்' (alsactl store) கட்டளை கொடுத்தேன்.

அடுத்து ஸ்பீக்கர்-டெஸ்ட் (speaker-test) கட்டளை. அதை வேவ் (wav) முறையில் ஓட்டினால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் அதன் பெயரை ஒரு குரல் சொல்லும். 'ஃப்ரன்ட் சென்டர்' என்ற குரல் அப்பா நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது. நீல, பிங்க் ஓட்டைகளில் பிளக்குகள் இடம் மாறியிருந்தன. இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

உண்மையான பலன் இதற்கப்புறம்தான். படத்தில் வசனம் பெரும்பாலும் சென்டரில்தான் வரும். பாவுகண்ட்ரோலில் பூட்டுப் படத்தைத் தட்டினால் ஆறு சேனலுக்கும் தனித்தனி ஸ்லைடர். சென்டரை 100-ல் விட்டு மற்றவற்றை 75-க்கு இறக்கினேன். சென்டரை 100-க்கு மேல் ஏற்றிப் பார்த்தேன், குரல் கரகரத்தது. இறக்குவதே சரி.

உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு மாறியபோது, ஒலியைக் கையாளும் மென்பொருளான பல்ஸ்ஆடியோ போய் பைப்வயர் வந்தது. பாவுகண்ட்ரோல் அப்படியே வேலை செய்தது, ஆனால் அதில் நான் தேர்ந்தெடுத்திருந்த 5.1, ஸ்டீரியோவுக்குத் திரும்பியிருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் வந்த 'டப்' சத்தம், சவுண்ட் சிப்பின் 'பவர் சேவ்' வசதியை (சும்மா இருக்கும்போது சிப்பை அணைப்பது) நிறுத்தியதும் போய்விட்டது.

பாட்டுக்கு மட்டும் 5.1 வேண்டாம் என்பேன். ஸ்டீரியோவில் பதிந்த இரண்டு சேனலை ஆறாகப் பரப்பினால் (இதுதான் அப்மிக்ஸ்) வயலின் ஒரு பக்கம், தபலா ஒரு பக்கம் என்ற பிரிவே கலங்கிவிடுகிறது. பிரவுசரில் பார்க்கும் ஓடிடி படங்கள் எனக்கு ஸ்டீரியோவாகவே வருகின்றன. அங்கே அதே அப்மிக்ஸ் வசனத்தை ஓரளவு நடுவுக்குக் கொண்டுவருகிறது. டிவிடியில் வரும் தெளிவு அதில் இல்லை. அந்த நாட்களில் அப்பா நாற்காலியைச் சென்டர் ஸ்பீக்கர் பக்கம் நகர்த்திக்கொள்கிறார்.