சிபில் ஸ்கோரை ஏத்தித் தர்றோம்னு 11,500 ரூபாயை வாங்கிட்டு பிளாக் பண்ணிட்டாங்க. காலேஜ் முடிச்சவங்க படிச்சிட்டுப் போங்க

நேத்து சாயங்காலம் அந்த வாட்ஸ்ஆப் நம்பர் என்னை பிளாக் பண்ணிடுச்சு. போனது 11,500 ரூபாய். கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன். என்ன நடந்ததுங்கிறதையும், சிபில் ஸ்கோரை, அதாவது நாம கடன் கட்டின வரலாற்றை வச்சு சிபில்ங்கிற கம்பெனி போடுற மார்க்கை, நாமளே எப்படி சரி பண்றதுங்கிறதையும் சொல்றேன்.

பேர் போடல. "சிபில் கரெக்‌ஷன், 45 நாள்ல 750 பிளஸ், கியாரண்டி"ன்னு இன்ஸ்டாவுல விளம்பரம் போடுற கன்சல்டன்சி. இந்த மாதிரி ஊருக்கு ரெண்டு மூணு இருக்கு, வேலை செய்யற விதமும் ஒண்ணுதான்.

என் சிபில் ரிப்போர்ட்ல ரெண்டு கறை இருந்துச்சு. ஸ்கோர் 611. ஒண்ணு, கல்விக்கடன். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் இஎம்ஐ கிடையாது, அப்புறம் ஆரம்பிச்சிடும். பேங்க் அனுப்பின மெசேஜ் எல்லாம் காலேஜ் சேரும்போது கொடுத்த பழைய நம்பருக்குப் போயிருக்கு. ரெண்டு தவணை தவறி, டிபிடி கட்டத்துல 031, 061ன்னு ஏறிடுச்சு. டிபிடின்னா கெடு தாண்டி எத்தனை நாள் ஆச்சுங்கிற கணக்கு. ஒழுங்கா கட்டின மாசத்துல 000 இருக்கும். அப்பா கூட்டுக் கடன்தாரர்ங்கிறதால அவர் ரிப்போர்ட்லயும் அதே கறை. இன்னொண்ணு, லோன் ஆப்ல வாங்கின 3,200 ரூபாய். அதை முழுசா கட்டியாச்சு, ரசீது இருக்கு. ஆனா ரிப்போர்ட்ல இன்னும் "ரைட்டன் ஆஃப்"னு, அதாவது திரும்ப வராத கடன்னு, நிக்குது.

இந்த ரெண்டும் ஒரே வகை இல்ல. முதல்ல சொன்னது நடந்த தாமதம். அதை எந்தக் கொம்பனாலயும் அழிக்க முடியாது. 36 மாச வரலாறு ரிப்போர்ட்ல தெரியும். 000 மாசங்கள் சேரச் சேர பழைய கறை பின்னுக்குப் போகும். வேற வழியே கிடையாது. ரெண்டாவது தப்பான தகவல். அதைத் திருத்த ஒரு பைசா செலவில்ல. கன்சல்டன்சிக்காரன் ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டி "எல்லாத்தையும் கிளியர் பண்ணித் தர்றோம்"னான்.

நான் நம்பின நிமிஷம் இதுதான். "பான் நம்பர் சொல்லுங்க ப்ரோ, வெரிஃபை பண்ண ஒரு ஓடிபி வரும்"னான். சொன்னேன். பத்தே நிமிஷத்துல கல்விக்கடன் அக்கவுண்ட் நம்பர், எந்த மாசத் தவணை விழுந்தது, ஆப் கடன்ல எவ்வளவு பாக்கின்னு காட்டுது, எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சான். பேங்குக்குள்ளயே இவனுக்கு ஆள் இருக்குன்னு நினைச்சேன். உள்ள யாரும் இல்ல. பான், பிறந்த தேதி, மொபைலுக்கு வர்ற ஓடிபி இருந்தா யார் வேணும்னாலும் ரிப்போர்ட்டை எடுத்துடலாம். என் ஓடிபியை வச்சு என் ரிப்போர்ட்டை எடுத்து எனக்கே வாசிச்சிருக்கான். அதுக்குத்தான் 11,500 ரூபாய்.

பணம் மூணு தடவையா போச்சு. ரிஜிஸ்ட்ரேஷன் 1,500. பேங்க் சைடு பிராசஸிங் 6,000. ஃபைனல் அப்டேட் 4,000. மூணும் மூணு வேற ஆள் பேர்ல இருந்த யுபிஐக்கு. பில் கேட்டதுக்கு "கடைசியில மொத்தமா தர்றோம்".

6,000 வாங்கின பிறகு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ரெண்டு கடனுக்கும் பக்கத்துல "அண்டர் டிஸ்ப்யூட்"னு இருந்துச்சு. "பாருங்க ப்ரோ, ரிமூவல் ஸ்டார்ட் ஆயிடுச்சு"ன்னான். அதை நம்பித்தான் மிச்ச 4,000 போட்டேன். டிஸ்ப்யூட்னா ரிப்போர்ட்ல இருக்கிறது தப்புன்னு சிபில் கிட்ட போடுற புகார். அதைப் போட்டா யாருக்கும் அந்தக் குறிப்பு வரும். சிபில் தானா ஒரு எழுத்தைக்கூட மாத்தாது; கடன் கொடுத்தவங்க கிட்ட கேட்கும். "நாங்க அனுப்பின விவரம் சரிதான்"னு பேங்க் சொன்னா குறிப்பு போயிடும், கறை அப்படியே நிக்கும். கல்விக்கடன்ல அதுதான் ஆச்சு. ஆப் கடனுக்கும் ரசீதைச் சேர்க்காம வெறுமனே டிஸ்ப்யூட் போட்டிருக்கான், அதையும் நிராகரிச்சுட்டாங்க.

இதைவிட வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு. "ரெண்டு கார்டு எடுத்தா ஸ்கோர் ஏறும்"னு இன்னொரு ஓடிபி வாங்கினான். அடுத்த ரெண்டு வாரத்துல என் பேர்ல நாலு இடத்துல கார்டுக்கும் பெர்சனல் லோனுக்கும் விண்ணப்பம். நாலும் ரிஜெக்ட். நம்ம ரிப்போர்ட்டை நாமே பார்த்தா ஸ்கோர் குறையாது. கடன் கேட்டு விண்ணப்பிச்சா ஒவ்வொண்ணும் என்கொயரியா பதிவாகும், அடுத்தடுத்து வந்தா ஸ்கோர் இறங்கும். 611 இப்ப 589. 11,500 ரூபாய் கொடுத்து 22 பாயிண்ட் இறக்கியிருக்கேன்.

கேட்க ஆரம்பிச்சதும் பதில்கள் இப்படி வந்துச்சு. "பேக் எண்ட்ல இருக்கு." "சர்வர் அப்டேட் ஆகணும்." "45 நாள்னா வொர்க்கிங் டேஸ் சார்." ப்ரோ அன்னைக்கே சார் ஆயிடுச்சு. அப்புறம், "உங்க ஃபைலைப் பார்த்த ஸ்டாஃப் ரிலீவ் ஆயிட்டாங்க". நேர்ல போனேன், மொபைல் கடைக்கு மேல் மாடி. ஒரு பொண்ணு மட்டும் உட்கார்ந்திருந்தாங்க, "கன்சல்டேஷன் ஃபீஸ் ரீஃபண்ட் கிடையாது சார், டெர்ம்ஸ்ல இருக்கு"ன்னாங்க. எந்த டெர்ம்ஸ்? ஒரு காகிதத்துலயும் நான் கையெழுத்துப் போடல. கடைசியா போன் பண்ணினப்ப, 11,500ஐ மறந்துட்டு இன்னும் 5,000 போட்டா கல்விக்கடனை "செட்டில்மெண்ட்"ல முடிச்சுத் தர்றோம்னான். நல்ல வேளை, போடல. குறைச்சுக் கட்டி முடிச்சா ரிப்போர்ட்ல "செட்டில்ட்"னு விழும். அதுவும் கறைதான். அடுத்து வீட்டுக் கடனுக்குப் போனா அதைத்தான் முதல்ல கேப்பாங்க.

சரி பண்ற வழியை முழுசா எழுதணும்னு நினைச்சேன், இப்ப பொறுமை இல்ல. அவசரத்துக்கு இதை மட்டும் சொல்றேன்.

கடன் ரிப்போர்ட் தர்ற கம்பெனிகளான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலுமே வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமா கொடுத்தாகணும், ஆர்பிஐ விதி. சிபில் ரிப்போர்ட்ல இருக்கிற கண்ட்ரோல் நம்பரை (அந்த ரிப்போர்ட்டோட அடையாள எண்) போட்டு சிபில் தளத்துல நீங்களே டிஸ்ப்யூட் பண்ணுங்க, இலவசம். அதுக்கு முன்னாடி கடன் கொடுத்தவங்களுக்கு ரசீதோட மெயில் போட்டு பாக்கி இல்லேங்கிறதுக்கான நோ டியூ சர்டிஃபிகேட் கேளுங்க. புகார் கொடுத்து 30 நாள்ல முடிக்கலேன்னா, அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தரணும். அப்பவும் அசையலேன்னா ஆர்பிஐ ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பு அதிகாரி) கிட்ட புகார், அதுக்கும் கட்டணம் இல்ல. ஆப் கடனுக்கு போன வாரம் நானே ரசீதோட போட்டுட்டேன், நாள் ஓடிக்கிட்டிருக்கு.

பேங்க்ல இருக்கிற மொபைல் நம்பரை மாத்துங்க, அப்பா நம்பரையும் சேர்த்துப் பாருங்க. ஸ்கோர் ஏத்த கார்டு வேணும்னா பிக்சட் டெபாசிட் மேல தர்ற கார்டு போதும். லிமிட்ல 30 சதவீதத்துக்குள்ள செலவு பண்ணி, பில்லை மினிமம் இல்லாம முழுசா கட்டுங்க.

பணம் போன உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடிங்க. நான் தாமதமாத்தான் அடிச்சேன், 11,500ல எவ்வளவு திரும்பும்னு தெரியல.

இவங்க மாதிரி யார்கிட்டயாவது ஏற்கெனவே ஓடிபி சொல்லியிருந்தா, இன்னைக்கே ரிப்போர்ட்டை எடுத்து கடைசிப் பக்கத்துல என்கொயரி பகுதியைப் பாருங்க. நீங்க விண்ணப்பிக்காத பேங்க் பேர் அங்க இருந்தா, அந்த பேங்க்குக்கு இன்னைக்கே மெயில் போடுங்க.