மானுக்கு எதை வளர்ப்பது: குளோவரா, கௌபியா, குளக்கரைப் புல்லா?

கொழும்பில் குடியிருந்துகொண்டு வவுனியா, மன்னார், புத்தளம் பக்கம் காணி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. காட்டோரமாக இருக்கும் அந்தக் காணிகள் பல தரிசாகக் கிடக்கின்றன. கனடாவில் இருக்கும் மருமகனோ ஒன்றுவிட்ட தம்பியோ, பச்சைப் பயிருக்குள் மான்கள் நிற்கும் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "நீங்களும் ஒரு துண்டு விதைச்சுப் பாருங்கோவன்" என்று சொல்லும்போது ஆசை வருவது இயல்பு. அந்த ஆசை நல்லதுதான். ஆனால் நம்முடைய புள்ளிமானுக்கு, காசு கொடுத்து வாங்கும் எந்த விதையையும்விட வறட்சிக் காலத்தில் கிடைக்கும் குட்டைப் புல்தான் பெரிது என்பது என் எண்ணம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்தப் படத்தில் உள்ளவை. வட அமெரிக்காவில் வெள்ளைவால் மானுக்காக விதைப்பவற்றில் முக்கியமானவை குளோவர் என்ற மூவிலைத் தீவனச் செடி, டர்னிப் கிழங்கு, ரை தானியம். குளோவர் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும், புரதமும் அதிகம். டர்னிப்பைக் கோடை முடிவில் விதைப்பார்கள். உறைபனி பட்டதும் அதன் இலையில் இனிப்பு ஏறும், அதன்பிறகுதான் மான்கள் விரும்பித் தின்னும். ரை, மற்றப் பயிர்கள் முளைக்கத் தயங்கும் குளிரிலும் முளைக்கும். எல்லாமே பனிக்காலப் பசியைக் கணக்கில் வைத்துப் போட்ட திட்டம். அங்கே அது அருமையாக வேலை செய்கிறது.

இங்கே அந்தக் கணக்கு எதிலும் பொருந்தாது. நுவரெலியாவின் குளிரில் வெள்ளைக் குளோவர் வளரும். வவுனியா வெயில் அதற்கு ஆகாது. உறைபனியே காணாத ஊரில் டர்னிப்பிடம் அந்த இனிப்பை எதிர்பார்க்க முடியாது. அதைவிட முக்கியமான வேறுபாடு மானிலேயே இருக்கிறது. வெள்ளைவால் ஆண்மான்களுக்குக் கொம்பு வளர்வது இளவேனிலிலும் கோடையிலும். இணைசேர்வது இலையுதிர் காலத்தில். அதனால் "இந்த மாதம் புரதம், அந்த மாதம் மாப்பொருள்" என்று அட்டவணை போடலாம். நம் புள்ளிமானுக்கு அப்படி ஒரே பருவம் கிடையாது. ஒரே கூட்டத்தில் ஒரு ஆண்மானுக்குக் கொம்பு முற்றியிருக்கும், பக்கத்தில் நிற்பதற்கு அப்போதுதான் துளிர்க்கும். குட்டிகளும் வருடம் முழுவதும் பிறக்கும். இன்னொன்று, அங்கே பெரும்பாலானோர் இப்படி விதைப்பது வேட்டைக்காக. இங்கே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமானையோ மரையையோ வேட்டையாடுவது குற்றம். நாம் வளர்ப்பது பசியாற்ற மட்டுமே.

சரி, நம்மூர்ப் பயறு வகைகள்? இது கொஞ்சம் வலுவான போட்டி. கௌபி சுமார் 2 மாதத்திலேயே காய் தரத் தொடங்கிவிடும். 'வருணி', 'எம்ஐ 35' போன்ற உள்ளூர் இனங்கள் உண்டு, வறட்சியையும் ஓரளவு தாங்கும். (புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டையாக வாங்குவது சமையலுக்கான கௌபி. முளைப்புத்திறனுக்கு அதை நம்ப வேண்டாம், விதைக்கென்று விற்பதையே வாங்குங்கள்.) அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் கோடைக்கு விதைப்பவை கௌபியும் நம்ம மொச்சையும்தான். மான் இவற்றை விரும்பித் தின்னும் என்பதில் சந்தேகமே இல்லை.

அந்த விருப்பமே பிரச்சினையாகிறது. முளை நாலு இலை விட்டதும் குருத்தைக் கடித்துவிடும். திரும்பத் திரும்பக் கடிபட்டால் செடி எழும்பாது. கால் ஏக்கர், அரை ஏக்கர் என்றால் ஒரு கூட்டம் சில இரவுகளில் முடித்துவிட்டுப் போய்விடும். அமெரிக்காவிலேயே சிறிய நிலத்தில் பயிர் தலையெடுக்கும்வரை மின்வேலி போடுகிறார்கள். அப்புறம் பருவம். பெரும்போக மழையில் ஐப்பசி, கார்த்திகையில் கௌபி பச்சையாக நிற்கும்போது காடும் பச்சையாகத்தான் இருக்கும். மானுக்குப் பசி வருவது சோளகக் காற்று எல்லாவற்றையும் காயவைக்கும் ஆடி, ஆவணியில். அப்போது கௌபி நிற்க வேண்டுமென்றால் தண்ணீர் இறைக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, நீங்கள் பழக்கிய ருசியைத் தேடி மான் நாளை பக்கத்துக் காணிக்குப் போகும். அங்கே பயறு போட்டிருப்பவர் அதை நம்பித்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். கொழும்பில் இருக்கும் நம்முடைய ஆசைக்கு அவர் விலை கொடுப்பது நியாயமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பயறு வகையை வேண்டாம் என்பேன்.

புல்லுக்கு வருவோம். புள்ளிமான் முதன்மையாகப் புல் மேய்வது, அதிலும் குட்டையான இளம்புல். வில்பத்துவுக்குப் போனவர்கள் 'வில்லு' எனப்படும் இயற்கைக் குளங்களின் ஓரத்தில் மான்கூட்டம் பரவி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். நீர் வற்ற வற்ற வெளிப்படும் ஈர மண்ணில் புதுப்புல் முளைக்கும். நாடே காய்ந்து கிடக்கும் மாதங்களில் பச்சை அங்கேதான். மின்னேரியாக் குளத்தில் ஆவணி, புரட்டாதியில் யானைகள் கூடுவதும் அதே புல்லுக்காகத்தான். திறந்த வெளியாக இருப்பதால் சிறுத்தை வருவதையும் மான் தூரத்திலேயே கண்டுகொள்ளும். உங்கள் காணிக்குள் ஒரு பழைய குளமோ தாழ்வான ஈரநிலமோ இருந்தால், அதை உழாமல், மண் போட்டு நிரவாமல் விட்டுவைப்பதே முக்கால்வாசி வேலை.

மிச்சக் கால்வாசி எந்தப் புல் என்பது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-3 பற்றிச் சிலர் சொல்வார்கள். அது நீரும் உரமும் கேட்கும், வெட்டிக்கொண்டுபோய் மாட்டுக்குப் போடும் புல். கினிப்புல்லை நடவே வேண்டாம், பெரும்பாலும் ஏற்கெனவே பரவியிருக்கும். ஆளுயரத்துக்கு முற்றிக் காய்ந்த கினியை மான் தொடாது, தீப்பிடித்தால் காட்டுக்கே ஆபத்து. ஆனால் அதையே பெரும்போக மழை ஓயும் தையில் ஒரு துண்டு, சித்திரை மழைக்கு முன் இன்னொரு துண்டு என்று மாற்றி மாற்றி வெட்டிவிட்டால், மண்ணில் மிஞ்சிய ஈரத்தில் துளிர்க்கும் இளம்தளிர் நல்ல மேய்ச்சல். கொளுத்த மட்டும் வேண்டாம். வெறுமையான இடத்தில் அறுகம்புல்லை வேரோடு பிடுங்கி முதல் மழைக்கு ஊன்றினால் போதும், விதைச்செலவே இல்லை. கொழும்பு வீட்டு முற்றத்தில் புல் எப்படி வளர்கிறது என்பதை வைத்து இதைக் கணிக்காதீர்கள். கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை, உலர் வலயம் என்பதே 1,750க்கும் குறைவான இடம்.

மரங்கள் மெதுவான போட்டியாளர்கள். பாலை, நாவல், விளா, புளி, அத்தி எல்லாவற்றின் உதிர்ந்த பழத்தையும் மான் பொறுக்கும். மந்திகள் மேலே தின்னும்போது சிந்தும் இலைக்கும் பழத்துக்கும் கீழே மான் காத்து நிற்பது காட்டில் வழக்கமான காட்சி. பாலை இன்று நட்டால் பேரப்பிள்ளைகள் காலத்துக்குத்தான். அதனால் நடுவதைவிட, இருக்கும் மரத்தை வேலிக்கட்டைக்கோ விறகுக்கோ வெட்டாமல் இருப்பது முந்திய வேலை.

கையால் தீனி போடுவதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. திருகோணமலைக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் மான்களுக்குப் பாணும் பிஸ்கட்டும் நீட்டுகிறோம், பிள்ளைகளுக்கும் அது பெரிய சந்தோஷம். ஆனால் மானின் நான்கு அறை வயிற்றில் புல்லைச் செரிக்கவைப்பவை நுண்ணுயிர்கள். திடீரென்று மாப்பொருள் போனால் வயிற்றில் அமிலம் ஏறும். உணவு சுற்றிவந்த பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும்.

புல் வெட்டுவதற்கு முன் பக்கத்துக் காணிக்காரர்களிடம் பேசுங்கள். மான் ஒரு இடத்துக்கு வழக்கமாக வருகிறது என்று தெரிந்தால் சுருக்குக் கண்ணியும் கட்டுத்துவக்கும் (மிருகம் தட்டினால் வெடிக்கும் துவக்கு) வைப்பவர்களும் வருவார்கள். கிழமைக்கு ஒருமுறையாவது ஓரங்களை நடந்து பார்க்க நம்பிக்கையான ஆள் ஒருவர் ஊரில் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை மானை அழைக்கும் எந்த வேலையையும் தொடங்காதீர்கள்.