தலைவாசலில் நின்றால் எல்லோரும் கலைஞர்தான்: காட்சியமைப்பு பழகிய மூன்று ஆண்டுகள்

வேலை நிமித்தமாகக் காரைக்குடிக்குக் குடிவந்த முதல் மாதத்திலேயே, ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்ற கேனான் 1500டி கேமராவையும் அதனுடன் வரும் 18–55 மி.மீ. லென்ஸையும் வாங்கினேன். அதற்கு முன்பு கைப்பேசியைத் தவிர வேறு எதிலும் படம் எடுத்ததில்லை. அது நடந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. அந்தக் கேமராவின் தரத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டதால் நான் அதற்குள் அதிகம் செல்லப்போவதில்லை. கம்போசிஷன் என்று எல்லோரும் சொல்லும் காட்சியமைப்பில், தொடக்கநிலையில் கற்றுக்கொண்ட உத்திகளில் எது எனக்கு நீண்ட நாள் உழைத்தது, எது சில மாதங்களிலேயே தேய்ந்துபோனது என்பதையே இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் கற்றலில் நடந்த பெரிய தவறுக்கு இந்த ஊரின் அழகே காரணம். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பழைய நகரத்தார் வீட்டின் தலைவாசலில் நின்று உள்ளே பார்த்தால், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என ஒவ்வொரு வாசலும் அடுத்த வாசலுக்கு நேராக அமைந்து, கடைசியில் பின்தெருவின் வெளிச்சம் ஒரு சிறு சதுரமாகத் தெரியும். இருபுறமும் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தரையில் ஆத்தங்குடிக் கற்களின் இணைப்புக் கோடுகள் அந்தச் சதுரத்தை நோக்கி ஓடுகின்றன. இருண்ட முகப்புக்கும் வானம் பார்த்த வளவுக்கும் இடையே ஒளி மாறி மாறி விழுகிறது. சட்டகத்துக்குள் சட்டகம், வழிநடத்தும் கோடுகள், சமச்சீர், ஆழம் என்று பாடங்களில் தனித்தனியாகச் சொல்லப்படுபவை அனைத்தையும் அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரும் ஆசாரியும் ஒரே இடத்தில் ஏற்கெனவே செய்து வைத்துவிட்டார்கள். நான் செய்ததெல்லாம் பொத்தானை அழுத்தியது மட்டும்தான். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள், நானும் எனக்குக் காட்சியமைப்பு வந்துவிட்டது என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கை ஏழு மாதம் நீடித்தது. பொங்கல் விடுமுறைக்கு வந்த என் மைத்துனரை அதே வீடுகளுக்கு அழைத்துச் சென்றேன். அவர் கைப்பேசியை எடுத்து, தலைவாசலில் நின்று, பத்து வினாடியில் ஒரு படம் எடுத்தார். அது என் படத்தைப் போலவே இருந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் நேராகவும் இருந்தது. "நல்லா வந்திருக்கா மாப்பிள்ளை?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. ஒளிப்படம் பழகுபவர்கள் செட்டிநாட்டுக்கு வந்தால் விரைவில் கற்றுக்கொள்ளலாம் என்று பலர் சொல்கிறார்கள். என் அனுபவத்தில், இங்கே விரைவில் கிடைப்பது நல்ல படங்கள். கற்றுக்கொள்வதற்கு ஆகும் காலம் அதனாலேயே நீண்டுவிடுகிறது.

இருப்பினும், சமச்சீரை முறையாக எடுப்பது எப்படி என்பதை அந்த வீடுகளே எனக்குக் கற்றுக் கொடுத்தன, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கண்ணால் மதிப்பிட்டு நடுவில் நிற்பது ஒருபோதும் நடு ஆகாது. தரைக் கற்களின் நடு இணைப்புக் கோட்டைத் தேடிப்பிடித்து, அதன் இருபுறமும் ஒவ்வொரு காலை வைத்து நிற்க வேண்டும். பிறகு காட்சியைக் கேமராவின் பின்திரையிலேயே காட்டும் லைவ் வியூவில் கட்டக் கோடுகளை வரவழைத்து, நடுவாசலின் இரு நிலைக்கால்களும் திரையின் இரு ஓரங்களிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உயரமான மேற்கூரையையும் சேர்க்கும் ஆசையில் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்து, வீடு பின்னால் விழுவது போலத் தெரியும். கேமராவைச் சாய்க்காமல் பின்னால் நகர்வதே அதற்கு வழி. லென்ஸை 18 மி.மீ. நிலையில் வைத்து எடுக்கும்போது ஓரத்துக் கோடுகள் பீப்பாய் போல வளைவதைச் சாதாரணக் காட்சிகளில் யாரும் கவனிப்பதில்லை. ஆத்தங்குடித் தரையில் அது உடனே தெரிந்துவிடும். 24க்கு மேல் சென்றால் வளைவு பெரும்பாலும் மறைகிறது.

மூன்றில் ஒரு பங்கு விதியை ஓர் ஒருநாள் பயிற்சி வகுப்பில் கற்றேன். கட்டணம் செலுத்திய அந்த வகுப்பில், காலையில் எட்டு விதிகளைத் திரையில் காட்டி, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு கோடுகள் போட்டு, அவை வெட்டும் நான்கு புள்ளிகளில் ஒன்றில் கருப்பொருளை வைத்தால் படம் சிறக்கும் என்றார்கள். ஏன் சிறக்கும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த மூன்று மாதங்களில் நான் எடுத்த ஒவ்வொரு மனிதரும், ஒவ்வொரு ஆட்டுக்குட்டியும், ஒவ்வொரு பனைமரமும் அந்தப் புள்ளிகளில் அணிவகுப்புக்கு நிறுத்தியது போலவே நிற்கிறார்கள். இப்போது அந்தக் கோப்புறையைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. பின்னர் தேடிப் படித்தபோதுதான், இந்தப் பெயரை 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தியிருக்கிறார் என்பதும், அவர் பேசியது வெட்டுப் புள்ளிகளைப் பற்றி அல்ல, நிலமும் வானமும் சரிபாதியாகப் பிரியாமல் ஒன்று மற்றொன்றைவிட மிகுந்திருக்க வேண்டும் என்ற அளவைப் பற்றி என்பதும் தெரிந்தன.

அந்த அளவு என்ற சொல்தான் எனக்கு உதவியது. மைத்துனர் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஆறு மாதங்களுக்கு எந்தப் பழைய வீட்டுக்குள்ளும் கேமராவைக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்க் கரைகளுக்கும் பொட்டல்களுக்கும் போனேன். செட்டிநாட்டின் வெளி, வீட்டுக்கு நேர் எதிரானது. செம்மண், கருவேலம் புதர், எங்கோ இரண்டு பனை, அதற்கு மேல் வெளுத்த வானம். கண்ணை எங்கும் இழுத்துச் செல்லாத சமதளம் அது. முதல் நான்கு வாரம் எடுத்த எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. வானத்தில் மேகமே இல்லாத நாளில் அதற்கு ஏன் படத்தில் பாதி இடம் கொடுக்கிறேன் என்று ஒருநாள் என்னையே கேட்டுக்கொண்டேன். கேமராவைத் தாழ்த்தி, வானத்தை ஒரு கீற்றாகக் குறைத்து, வெடித்த வண்டல் மண்ணுக்கு மீதி இடம் முழுவதையும் கொடுத்தபோது, அந்தக் கண்மாய் முதல்முறையாகக் கண்மாயாகத் தெரிந்தது. பின்னாளில் ஐப்பசி மழையில் அதே இடத்தில் தண்ணீர் நின்றபோது, பனைகளின் நிழல் தண்ணீரில் முழுமையாக விழுந்ததால் அடிவானத்தைச் சரியாக நடுவில் வைத்தேன். எங்கே வைப்பது என்பதைக் காட்சியில் எது மிகுந்திருக்கிறது என்பதே முடிவு செய்கிறது.

அந்த ஆறு மாதங்களில் செய்த இன்னொரு காரியத்தை, கேமரா புதிதாக வாங்கும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். லென்ஸின் சூம் வளையத்தை 35 என்ற குறியில் வைத்து, ஒட்டுநாடாவால் சுற்றி ஒட்டிவிட்டேன். 1500டியில் ஒளியைப் பதிவு செய்யும் உணரி, பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள முழுச் சட்டக உணரியைவிடச் சிறியது என்பதால் 1.6 ஆல் பெருக்கினால் அது ஏறத்தாழ 56 மி.மீ. பார்வைக்குச் சமமாகிறது. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்த நாள்களில் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தம் வாழ்நாளின் பெரும்பகுதி 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தினார் என்று படித்ததுதான் இதற்குத் தூண்டுதல். அவரைப் போல எடுத்துவிடலாம் என்ற பேராசை எனக்கு இல்லை. ஆனால் வளையத்தைத் திருப்ப முடியாமல் போனபோது கால்கள் நகர ஆரம்பித்தன. ஒரு மரத்தை நெருங்கிச் சென்று எடுப்பதும், தொலைவில் நின்று சூம் செய்து எடுப்பதும் ஒரே படத்தைத் தருவதில்லை என்பதை, அதாவது நெருங்கும்போது முன்னால் உள்ளதற்கும் பின்னால் உள்ளதற்கும் இடையிலான உறவே மாறுகிறது என்பதை, எந்த வகுப்பும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. உட்கார்ந்தும், குனிந்தும், கரைமேல் ஏறியும் எடுக்கப் பழகியது அப்போதுதான். அதற்கு முன் என் படங்கள் அனைத்தும் நான் நிற்கும் உயரத்திலிருந்தே எடுக்கப்பட்டவை.

மனிதர்களைப் படமெடுக்கத் தொடங்கியபோது ஓரங்களின் தொல்லை ஆரம்பமானது. இந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணோக்கி, பதிவாகும் காட்சியில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை மட்டுமே காட்டும். ஆகவே நாம் பார்க்காத ஒரு விளிம்பு எல்லாப் பக்கமும் படத்தில் வந்து சேர்கிறது. பிளாஸ்டிக் குடத்தின் பாதி, மின்கம்பி, யாரோ ஒருவருடைய முழங்கை ஆகியவை அப்படித்தான் வந்தன. அதற்குப் பயந்து நான் நெருக்கமாகச் சட்டமிடப் பழகினேன், அது வேறொரு கோளாறைக் கொண்டுவந்தது. பனையோலையில் கொட்டான் என்னும் கூடை முடையும் ஓர் ஆச்சியைத் திண்ணையில் வைத்து எடுத்த படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைவிரல்களின் அசைவும் ஓலையின் பளபளப்பும் நன்றாக வந்திருப்பதாக எனக்குப் பெருமை. ஆச்சி படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொட்டானுக்கு வாயே இல்லாமப் பண்ணிட்டியளே" என்றார்கள். முடைந்துகொண்டிருந்த விளிம்பு சட்டகத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருந்தது. அவர்களுடைய வேலை முழுவதும் அந்த விளிம்பில்தான் நடந்துகொண்டிருந்தது. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதை அந்தத் தொழிலைத் தெரிந்துகொள்ளாமல் முடிவு செய்ய முடியாது என்பதை நான் அன்று உணர்ந்தேன். இப்போது பொத்தானை அழுத்துவதற்கு முன் சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுகிறேன். இந்தப் பழக்கம் கைவர ஓராண்டு ஆயிற்று.

ஆத்தங்குடியில் தரைக்கற்கள் செய்யும் பட்டறையில் எனக்கு நேர்ந்ததும் இதைச் சார்ந்ததே. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவி, பிறகு ஈரச் சாந்தை இட்டு அழுத்துகிறார்கள். பொடி விழுந்த கணத்தில் வண்ணம் மறைந்துவிடுகிறது. அதாவது அச்சு எழும்பியதற்கும் பொடி விழுவதற்கும் இடையில் உள்ள சில வினாடிகளே படத்துக்குரியவை. முதல் முறை நான் கோணத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதே அந்த வினாடிகள் போய்விட்டன. அடுத்த முறை ஐந்து கற்கள் செய்து முடியும் வரை படம் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிலாளியின் வலக்கை எந்தப் பக்கமாக எழும்புகிறது, சன்னல் வெளிச்சம் கண்ணாடியில் எங்கே விழுந்து கூசுகிறது என்பது தெரிந்ததும், சட்டகத்தை முன்கூட்டியே அமைத்துக்கொண்டு ஆறாவது கல்லுக்குக் காத்திருந்தேன். அங்கு நான் எடுத்த படங்களில் இன்றும் என்னிடம் இருப்பது அந்த ஒன்று மட்டும்தான்.

மற்ற உத்திகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நடப்பவருக்கு முன்னால் இடம் விட்டு எடுப்பது எந்நாளும் பயன்படும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியுடன் பழனிக்கு நடப்பவர்களை எடுத்தபோது, அவர்கள் முன்னே கொஞ்சம் சாலை இருந்த படங்களில் மட்டுமே பயணம் தெரிந்தது. வெற்றிடத்தைப் பயன்படுத்துவது என்ற உத்தி எனக்கு இதுவரை கைகூடவில்லை. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரின் முன் சிறிதாக ஒரு மனிதரை நிறுத்தும் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒற்றைப்படை எண்ணிக்கையில் பொருள்களை வைக்க வேண்டும் என்ற விதியை நான் மறந்தே போனேன், அதனால் எந்த நட்டமும் ஏற்படவில்லை.

நிறங்கள் மிகுந்த இந்த ஊரில் எனக்கு மிகவும் உதவிய கேமரா அமைப்பு, பிக்சர் ஸ்டைல் எனப்படும் படப்பாணியைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டு, படக் கோப்பை மட்டும் உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவில் சேமிப்பது. திரையில் கருப்பு வெள்ளையாகத் தெரிந்தாலும் நிறங்கள் கோப்பில் அப்படியே இருக்கும், பிறகு வேண்டுமானால் மீட்டுக்கொள்ளலாம். கண்டாங்கிச் சேலையின் சிவப்பும் சன்னல் கண்ணாடிகளின் பச்சையும் போன பிறகு மிஞ்சுவது ஒளியும் இருளும் உருவங்களும்தான். காட்சியமைப்பு சரியில்லாத படம் அங்கே ஒளிந்துகொள்ள முடியாது.

ஆறு மாதம் முடிந்ததும் ஒட்டுநாடாவைக் கழற்றிவிட்டு, கானாடுகாத்தானில் நான் முதலில் எடுத்த அதே வீட்டுக்கு அனுமதி கேட்டுப் போனேன். இம்முறை வளவின் வடக்குப் பத்தியில் தரையோடு உட்கார்ந்தேன். அருகிலிருந்த தூண் நடுவாசலைப் பாதி மறைத்தது; மேலே இருந்த கம்பி வலையின் நிழல் தரைக்கற்களின் பூக்கள் மேல் சாய்வாக விழுந்து, அந்த ஒழுங்கை உடைத்துக்கொண்டிருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சற்று நேரம் என்னையே கவனித்துவிட்டு, "நடுவுல நிக்கலியா தம்பி? வர்றவுக எல்லாம் அந்தக் கல்லு மேலதான் நின்னு எடுப்பாக" என்று தலைவாசலுக்கு நேரே ஒரு கல்லைக் காட்டினார். அது நான் முதன்முதலில் இரு கால்களுக்கும் நடுவில் வைத்து நின்ற அதே இணைப்புக் கோடு. நான் சிரித்துக்கொண்டே, நிழல் இன்னும் கொஞ்சம் நகரட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.