நட்சத்திரமா, விக்கியா? கட்டற்ற மென்பொருளுக்குப் பயனர்கள் எழுதுபவை

கட்டற்ற மென்பொருள் ஒன்றை நிறுவும் முன் ‘இது தேறுமா?’ என்ற கேள்வி வரும். நிறுவிய பின் ‘இதை எப்படி ஓட்டுவது?’ இரண்டுக்கும் பதில் எழுதி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பயனர்கள்தான். எந்த இடத்துப் பதிலை நம்புவது என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: எழுதியது பழசாகிவிட்டால் அதைத் திருத்த வழி இருக்கிறதா?

முதலில் வழிகாட்டிகள். கோப்புகளை ஒன்றாகக் கட்டவும் பிரிக்கவும் உதவும் டார் கட்டளையின் மேன் பக்கத்தை, அதாவது அதன் கையேட்டை, திறந்தால் விருப்பத்தேர்வுகள் உருட்ட உருட்ட வரும். ஒரு கோப்பைப் பிரிக்க வந்தவருக்கு அது தேவையில்லை. பயனர்களே எழுதும் சுருக்கக் குறிப்புகளான டி.எல்.டி.ஆர். பக்கங்கள் இதற்காகவே பிறந்தவை. ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் 8 எடுத்துக்காட்டுகள் என்பது அவர்கள் விதி. நிரல்களைப் பலர் சேர்ந்து எழுதும் தளமான கிட்ஹப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். மறந்ததை நினைவுபடுத்திக்கொள்ள இதற்கு ஈடில்லை. ஆனால் ஒரு கட்டளை ஏன் தோற்றது என்று கேட்டால் கையை விரித்துவிடும்.

அந்த ‘ஏன்’ வந்ததும் போட்டி கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கும், ஆர்ச் என்ற லினக்ஸ் வகையின் பயனர்கள் எழுதும் ஆர்ச் விக்கிக்கும்தான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பலம், நம் பிழைச்செய்தியை அப்படியே தேடினால் அதே பிழையில் மாட்டிய இன்னொருவர் கிடைப்பார். பலவீனம், பதிலுக்குப் பயனர்கள் போடும் ஓட்டுகள் சேர்ந்துகொண்டே போகும், பதிலுக்கு வயதாவது ஓட்டில் தெரியாது. கேள்வி கேட்டவர் ஏற்றுக்கொண்ட பதிலை எப்போதும் முதலிடத்தில் ஒட்டி வைக்கும் வழக்கத்தை 2021இல் கைவிட்டார்கள், நல்ல முடிவு. அங்கேயும் பிறர் பதிலைத் திருத்தலாம்தான், ஆனால் இன்னொருவர் பெயரில் நிற்கும் பதிலில் கைவைக்கப் பலருக்கும் தயக்கம். மென்பொருள் நம்பகமான இடத்திலிருந்து வருகிறதா என்று சரிபார்க்கும் சாவியை ஆப்ட்-கீ என்ற கட்டளையால் சேர்க்கச் சொல்லும் பதில்கள் இன்னும் தேடலில் வருகின்றன. அந்தக் கட்டளை வழக்கொழிந்தது என்று இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் அறிவித்து வெகுநாளாகிறது.

ஆர்ச் விக்கியில் ஒரு தலைப்புக்கு ஒரு பக்கம்தான். பழசானால் அதன் மேலேயே எழுதுவார்கள்; எழுத நேரமில்லாதவர் ‘காலாவதியானது’ என்ற பட்டையாவது ஒட்டிவிட்டுப் போவார். யார் எப்போது எதை மாற்றினார் என்பது வரலாற்றில் இருக்கும். என் ஓட்டு இதற்கே. ஒன்று மட்டும் கவனம்: ஆர்ச் எப்போதும் புதிய பதிப்புகளை ஓட்டுவது. டெபியனின் நிலையான வெளியீடு சுமார் 2 ஆண்டுக்கு ஒருமுறைதான். அங்கே இருப்பவர் விக்கியைப் படித்து, தன் பதிப்பில் இல்லாத அமைப்பை மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார். நானும் தேடியிருக்கிறேன்.

சரி, மதிப்புரைகள். மென்பொருள் மையத்தில் தெரியும் 5 நட்சத்திரச் சராசரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ‘நிறுவவே முடியவில்லை’ என்று கோபத்தில் கொடுத்த ஒற்றை நட்சத்திரம் பல நேரம் மென்பொருளை நிறுவத்தக்க பொதியாகக் கட்டியவரின் கோளாறுக்கானது. அடி மட்டும் மென்பொருளுக்கு. கிட்ஹப் நட்சத்திரம் ‘பிறகு பார்க்கலாம்’ என்று போட்ட அடையாளமாகவும் இருக்கலாம். டெபியனின் பாப்கான் கணக்கு இவற்றைவிட நேர்மையானது. விருப்பப்பட்டுச் சேர்ந்த கணினிகளில் ஒரு பொதி எத்தனையில் நிறுவப்பட்டது, எத்தனையில் உண்மையில் பயன்படுகிறது என்று தனித்தனியே சொல்லும். தரம் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இருக்காது.

எனக்குப் பிடித்த மதிப்புரை வடிவம் வைனின் செயலித் தரவுத்தளத்தில் இருப்பது. விண்டோஸ் செயலி ஒன்று லினக்ஸில் வைன் மூலம் ஓடுகிறதா என்று பயனர்கள் சோதித்து எழுதுவது அது. பிளாட்டினம் தொடங்கி கார்பேஜ் வரை தரவரிசை உண்டு, ஆனால் அதற்குக் கீழே இருப்பதுதான் சரக்கு: வைனின் எந்தப் பதிப்பு, எந்த லினக்ஸ், எது வேலை செய்தது, எது செய்யவில்லை, அப்புறம் எதைச் சோதிக்கவில்லை. நான் முதலில் படிப்பது அந்தக் கடைசிப் பகுதியை. அச்சிடுவதைச் சோதிக்கவில்லை என்று அங்கே இருந்து, எனக்கு வேண்டியதும் அச்சிடுவதுதான் என்றால், பிளாட்டினமே ஆனாலும் நானே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவேன்.