துப்பாக்கிக் கட்டைக்கு எந்த மெழுகு? குடகு மழையில் தேறியதும் தேறாததும்

ஜூனில் குடகு மழை இறங்கிவிட்டால் பீரோவுக்குள் தொங்கும் தோல் பெல்ட்கூடப் பூசணம் பூக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் குடகர்களின் ஆயுதபூசையான கைல்போல்து பண்டிகைக்கு வெளியே எடுத்து, செங்காந்தள் பூ சூட்டும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் வால்நட் கட்டைக்கும் (தோளில் அணைக்கும் மரப்பகுதி) அந்த மூன்று மாதம்தான் சோதனை.

தனித் தேன்மெழுகு பார்க்க அழகு, பிடிக்க மோசம். 62–64 டிகிரியில் உருகுவதால் வெயிலில் நின்ற ஜீப்பில் கிடந்தாலே இளகிப் பிசுபிசுக்கும், தூசியை இழுத்துக்கொள்ளும். 82 டிகிரிக்கு மேல் உருகும் கார்னோபா என்ற பனையோலை மெழுகைக் கலந்தால் கெட்டிப்படும். 80 கிராம் தேன்மெழுகு, 20 கிராம் கார்னோபா, 300 மில்லி டர்பன்டைன் போதும். மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். டர்பன்டைனை அடுப்பை அணைத்து, நெருப்பிலிருந்து தள்ளி எடுத்துவந்த பிறகே ஊற்றவேண்டும். கார்னோபா கூடிவிட்டால் தேய்க்கத் தேய்க்கக் கை வலிக்குமே தவிர பளபளப்பு ஏறாது.

ரெனசான்ஸ் வேக்ஸ் 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் பாதுகாப்புக் கூடத்தில் உருவான மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு). தேன்மெழுகில் இருக்கும் அமிலம் இதில் இல்லாததால் கட்டையோடு குழலுக்கும் பூசலாம். விரல்ரேகை பதியாது. விலை அதிகம்தான், ஆனால் ஒரு டப்பா லேசில் தீராது. ஈர ஊருக்கு நம் வாக்கு இதற்கே. வெயில் குறைந்த வீட்டில், எண்ணெய் ஊட்டிய பழைய கட்டைக்குத் தேன்மெழுகுக் கலவையின் இதமான நிறம் வேண்டும் என்பவரோடு சண்டையில்லை. சிலிகோன் கலந்த மரச்சாமான் ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம். அது மரத்துக்குள் இறங்கிவிட்டால் பின்னால் அடிக்கும் வார்னிஷ் அங்கங்கே குழிகுழியாக விலகும்.

பூசுமுன் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று திறந்து பாருங்கள். மினரல் டர்பன்டைன் நனைத்த துணியால் பழைய மெழுகைத் துடைத்து ஒரு நாள் உலரவிடுங்கள். கட்டையின் ஒரு பக்கத்துக்குப் பட்டாணி அளவு போதும். ரெனசான்ஸை உள்ளங்கை அகலத்துக்குப் பூசி, ஓரிரு நிமிடத்தில் தேய்த்துவிடவேண்டும். விட்டால் இறுகிக் கோடு விழும். தேன்மெழுகுக் கலவைக்குக் கால்மணி நேரம் கொடுக்கலாம். பிடியில் வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்கும் வெட்டிய செக்கரிங் கோடுகளில் மெழுகு தங்கினால் வெள்ளையாகத் தெரியும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உடனே எடுத்துவிடுங்கள். புதிதாக லின்சீட் ஆயில் ஊட்டியிருந்தால் முழுதாகக் காயும்வரை, மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரமாவது, மெழுகு கூடாது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனால்தான் இறுகும். மேலே மூடிவிட்டால் அடியில் பிசினாகவே கிடக்கும்.

எந்த மெழுகும் காற்றின் ஈரத்தை முழுக்கத் தடுக்காது. மரம் ஈரம் குடிப்பது பெரும்பாலும் இழைக்குக் குறுக்கே வெட்டிய முனையில்தான். கட்டையின் பின்முனையை மூடும் பட் பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள். அநேகமாக உள்ளே எதுவும் பூசாத வெறும் மரம்தான் இருக்கும். அங்கே இரண்டு கோட் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) அடிப்பது, மேலே பத்து முறை மெழுகு தேய்ப்பதைவிட மேல். அதை விட்டுவிட்டால் மரம் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, இரும்போடு ஒட்டும் இடத்தில் இடைவெளி விழும். பிறகு வெடி உதைக்கும்போது அந்த இடத்திலிருந்துதான் கீறல் ஓடும்.

குழல் மேல்நோக்கி நிற்கும் துப்பாக்கியில் கன் ஆயில் வழிந்து கட்டையின் தலைப்பகுதி (இரும்போடு சேரும் முனை) கறுத்து மென்மையாகும். அங்கே மெழுகு பிடிக்காது. சாக் (chalk) பொடியை அசிட்டோனில் குழைத்து உட்புறத்தில் மட்டும் அப்பி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். எண்ணெயை உறிஞ்சிப் பொடி மஞ்சளாக மாறுவது நிற்கும்வரை திரும்பச் செய்யலாம். வெளிப்புறத்தில் பட்டால் அசிட்டோன் வார்னிஷைத் தின்றுவிடும்.

மழைக்கு முன் ஒரு கோட், பண்டிகைக்கு முன் ஒரு கோட் போதும். நடுவில் சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்; முத்தாக நிற்காமல் பரவினால் மெழுகு போய்விட்டது. துணி உறையில் போட்டு மூலையில் சாத்தி வைத்தால் உறை குடித்த ஈரம் கட்டையில்தான் இறங்கும்.