100 ஜிபி தமிழ் உரையைத் தேட: இன்வெர்ட்டட் இண்டெக்ஸா, சஃபிக்ஸ் அரேயா?

இணையத்தில் கிடைக்கும் தமிழ் உரைத் தொகுப்புகளும் குமரி மாவட்டத்துப் பழைய இதழ்களின் ஓசிஆர் (பக்கப் படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் முறை) உரையும் சேர்ந்து 100 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலில் ஒரு வீட்டுக் கணினி, 16 ஜிபி ராம். இண்டெக்ஸை டிஸ்க்கில்தான் கட்டியாக வேண்டும்.

கட்டுவதற்கு இன்வெர்ட்டட் இண்டெக்ஸ்தான், அதாவது ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல்தான், எளிது. ராம் கொள்ளும் அளவுக்கு உரையைப் படித்து, சொற்களை வரிசைப்படுத்தி, கோப்பாக இறக்கிக்கொண்டே போய், கடைசியில் கோப்புகளை ஒன்றிணைக்கிறோம். எல்லாமே தொடர்ச்சியாகப் படிப்பதும் எழுதுவதும்தான் என்பதால் பழைய ஹார்டு டிஸ்க்கே போதும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் நடுவே கரண்ட் போனாலும், எழுதி முடித்த கோப்புகளை வைத்து வேலையைத் தொடரலாம். புது இதழ்கள் வந்தால் லூசீன் என்ற தேடல் மென்பொருள் செய்வதுபோலத் தனிப் பகுதியாகச் சேர்க்கலாம்.

சொல்வாரியாகக் கட்டும்போது தமிழ் இடிக்கிறது. ‘குமரி’ என்று தேடினால் ‘கன்னியாகுமரியிலிருந்து’ அகப்படாது. எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் உரைத்தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 இன்னும் மோசம்: துணைக்கால், கொம்பு, புள்ளி எதையும் அது இயல்பாகச் சொல்லின் பகுதியாகக் கொள்ளாது. ‘தோவாளை’ துண்டு துண்டாகிவிடும். இந்தக் குறிகள் அடங்கிய யூனிகோடின் எம்என், எம்சி வகைகளை அமைப்பில் நாமே சேர்க்க வேண்டும்.

சஃபிக்ஸ் அரேக்கு இந்தக் கவலை இல்லை. உரையின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் தொடங்கும் வாலை வரிசைப்படுத்துவதால் எந்தத் துணுக்கையும் தேடலாம்; ஓசிஆரில் சொற்கள் ஒட்டிக்கொண்ட பக்கங்களுக்கு ரொம்ப உதவும். ஆனால் இடம்? ஒவ்வோர் இடத்தையும் குறிக்க, இந்த அளவுக்கு 4 பைட் எண் போதாது. 5 பைட் என்றால் வரிசை மட்டுமே 500 ஜிபி. டிஸ்க்கில் சஃபிக்ஸ் அரே கட்டவென்றே வந்த பிஎஸ்ஏஸ்கேன் நிரல் (2015) கட்டும்போது உரையைப்போல் சுமார் ஏழரை மடங்கு இடம் எடுக்கும். தேடலுக்கு இருகூறாக்கிப் போனால் சுமார் 37 படி. படிக்கு வரிசையில் ஒரு தாவல் (டிஸ்க்கில் இடம் மாறிப் படிப்பது), உரையில் ஒரு தாவல். ஹார்டு டிஸ்க்கில் தாவலுக்கு 10 மில்லிசெகண்ட் என்றால் முக்கால் நொடி ஆகிறது. எஸ்எஸ்டியில் தாவலுக்கு 0.1 மில்லிசெகண்ட், அங்கே இது பிரச்சினையே இல்லை. ஆனால் ஓர் இதழ் கூடினாலும் திரும்பக் கட்ட வேண்டும்.

சஃபிக்ஸ் அரேயைப்போலவே எந்தத் துணுக்கையும் தேட உதவும் எஃப்எம் இண்டெக்ஸ் நன்றாகச் சுருங்கும். தேடும்போது அங்குமிங்கும் தாவுவதால் ராமில் இருந்தால்தான் வேகம்.

என் தேர்வு ட்ரைகிராம் இன்வெர்ட்டட் இண்டெக்ஸ். அடுத்தடுத்த மூன்று யூனிகோட் குறிகளை ஒரு சொல்லாகக் கொள்வதால் கட்டும் முறை மாறாது, சொல்லின் நடுவிலும் தேடலாம். இண்டெக்ஸ் பெரிதாகும், சரி, அதைத் தாங்கிக்கொள்ளலாம். ‘பூ’ போல இரண்டே குறி உள்ள சொல்லுக்கு மட்டும் சொல்வாரி இண்டெக்ஸ் ஒன்றும் கூடவே வேண்டும். உரை இனி மாறாது, பெரிய எஸ்எஸ்டி இருக்கிறது, ஒவ்வொரு துணுக்கும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும் என்கிற மொழி ஆய்வாளருக்கு சஃபிக்ஸ் அரேயைத்தான் சொல்வேன்.