டிரிப் ரெயில்: வெட்டி எடுப்பதா, வைத்துக்கொள்வதா?

பழைய காரில் கதவுக்கு மேலே, கூரையோரமாக ஓடும் சிறிய தகரக் கால்வாய்தான் டிரிப் ரெயில். அதை எடுத்தால் கூரை வழவழவென்று ஒரே வளைவாகத் தெரியும். ஆசை நியாயம்தான். ஆனால் பல கார்களில் கூரைத் தகடும் பக்கச் சட்டமும் ஸ்பாட் வெல்டிங்கில் (புள்ளி புள்ளியாக உருக்கி இணைப்பது) சேரும் இடமே அதுதான். வெட்டினால் அந்த இணைப்பே போய்விடும்.

வேலை
எடுத்தால்: ஒரேயடியாக வெட்டக் கூடாது. ஓரிரு அங்குலம் வெட்டி, வெல்டு வைத்து, அது ஆறும்வரை வேறு இடத்தில் தொடர வேண்டும். சூடு ஒரே இடத்தில் ஏறினால் கூரை நெளிந்துவிடும். அப்புறம் நிமிர்த்துவது பெரும்பாடு. உள்கூரைத் துணியை முன்பே கழற்றாவிட்டால் தீப்பிடிக்கலாம்.
வைத்தால்: பழைய சீலரை (இடுக்கில் நீர் புகாமல் அடைக்கும் பசை) சுரண்டி, துருவை நீக்கி, பிரைமர் அடித்து, புது சீலர் பூசினால் போதும்.

மழை
எடுத்தால்: கதவைத் திறந்ததும் கூரைத் தண்ணீர் சீட்டில் வழியும்.
வைத்தால்: நீர் முன்னும் பின்னும் ஒதுங்கிவிடும்.

துரு
எடுத்தால்: ஈரம் தங்கும் இடுக்கு போய்விடும். ஆனால் முழுவதும் வெல்டு செய்யாமல் புட்டியால் மூடினால் விரிசல் நிச்சயம்.
வைத்தால்: சீலர் வெடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செலவு
எடுப்பதுதான் அதிகம், கூரை முழுக்க பெயிண்ட்டும் சேரும்.

தோற்றத்தையே மாற்றும் கஸ்டம் கார், கைதேர்ந்த வெல்டர் இரண்டும் இருந்தால் எடுக்கலாம். அசல் வடிவில் மீட்கும் கார், மழையில் ஓடும் கார், கூரையில் கேரியர் மாட்டும் கார் என்றால் தொடவே வேண்டாம். வெட்டிய ரெயிலை மறுபடி பொருத்துவது அவ்வளவு கடினம்.